சலம் போகேக்க எரிவு, கவட்டுக்குள்ள கடி: ஆம்பிளையளுக்கு எது எதால வருது, மருந்துக்கு முதல் என்ன பாக்கோணும்

சலம் போகேக்க எரியுது, இல்லாட்டி முன்தோல் சிவந்து கடிக்குது, இல்லாட்டி ரெண்டும் சேர்ந்து நிக்குது எண்டால் யாழ்ப்பாணத்தில கனபேர் செய்யிற முதல் வேலை இளநி குடிக்கிறது. ரெண்டாவது வேலை, பாமசியில பக்கத்தில ஆரும் நிக்காத நேரம் பாத்து "அண்ணை, சூடு பிடிச்சிட்டுது, குளிசை ஏதும் தாங்கோ" எண்டு மெதுவாக் கேக்கிறது. அஞ்சாறு அன்ரிபயோட்டிக் குளிசையும் ஒரு ரியூப் கிறீமும் கையில வரும், ரெண்டு நாளில குறைஞ்ச மாதிரி இருக்கும், ரெண்டு கிழமையால திரும்பத் துடங்கும்.

இதில விளங்கவேண்டியது என்னெண்டால், இந்த எரிவு குறைஞ்சது அஞ்சாறு வேறவேற காரணத்தால வரும், ஒண்டுக்குக் குடுக்கிற மருந்து மற்றதைக் கூட்டிவிடும். அன்ரிபயோட்டிக் போட்டா பூஞ்சணம் கூடும், ஸ்டீரொயிட் கலந்த கிறீம் பூசினாப் படர்தாமரை பரவும், அரைகுறையாப் போட்ட குளிசை கொனோரியா எண்ட பாலியல் நோயை மறைச்சு வைக்கும். அதால மருந்துக்கு முதல் எரிவு எந்த இடத்தில எண்டு பிரிச்சுப் பாக்கோணும்.

முதல்ல சலம் வாற வழி

கிட்னி ரெண்டிலயும் இருந்து வாற சலம் மெல்லிய குழாய் வழியா இறங்கி சலப்பையில சேருது. சலப்பைக்குக் கீழ புரோஸ்டேட் எண்டொரு சுரப்பி இருக்கு, வயது போகப் போகப் பெருக்கிறது இதுதான், சலக்குழாய் இதுக்கு நடுவால பூந்து ஆண்குறிக்குள்ளால வெளிய வருது. ஆம்பிளையளின்ர சலக்குழாய் கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர் நீளம், பொம்பிளையளுக்கு ஒரு 4 சென்ரிமீற்றர்தான். வெளியில இருக்கிற கிருமி ஏறிப்போறதுக்கு ஆம்பிளைக்குத் தூரம் கூட. அதாலதான் பொம்பிளையளுக்கு சலத்தொற்று அடிக்கடி வாறதும் ஆம்பிளையளுக்குக் குறைவா வாறதும். இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு: ஒரு ஆம்பிளைக்கு சலத்தொற்று வந்திட்டுது எண்டால் கல்லு, புரோஸ்டேட் வீக்கம், சீனி வருத்தம் எண்டு பின்னால ஏதாவது நிக்குதோ எண்டு தேடோணும்.

எங்க எரியுது, எப்ப எரியுது

டொக்டர் கேக்கப்போற கேள்வியள்தான் இது, முதலே யோசிச்சு வச்சிருந்தா நல்லம்.

1. உள்ளுக்குள்ள, அடிவயித்தில கடுப்பு, அடிக்கடி போகோணும் போல இருக்கு, போனாலும் கொஞ்சம்தான் போகுது, சலம் கலங்கல், மணம் எண்டால் சலப்பைப் பக்கம் சந்தேகம்.

2. சலம் துடங்கேக்க குழாய் நெடுக எரியுது, நுனியில இருந்து தண்ணியாவோ மஞ்சளாவோ ஏதாவது வடியுது, காலமையில உள் உடுப்பில கறை எண்டால் அது சலக்குழாய் அழற்சி. இதில முதல் சந்தேகம் பாலுறவால தொத்துற கிருமியள்.

3. உள்ள எரிவு இல்லை, சலம் வெளிய வந்து தோலில படேக்கதான் சுள்ளெண்டுது, அதோட மொட்டோ (ஆண்குறியின்ர நுனி) முன்தோலோ சிவந்து வெடிச்சு இருக்குது எண்டால் பிரச்சினை தோலில. இதைத்தான் கனபேர் சலத்தொற்று எண்டு நினைச்சுக் குளிசை போடினம்.

4. நாரியில பிடிச்சு, பக்கத்தால இறங்கி விதைப் பக்கம் இழுக்கிற நோ, இருக்கேலாது படுக்கேலாது, சலம் சிவப்பு எண்டால் கல்லு.

5. ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவில நோ, குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், சலம் முக்கி முக்கிப் போகுது எண்டால் புரோஸ்டேட் தொற்று.

ஒராளுக்கு ரெண்டு சேர்ந்தும் வரலாம், சீனி வருத்தக்காரருக்கு 1 உம் 3 உம் ஒண்டா வாறது சாதாரணம்.

சூடும் கிணத்துத் தண்ணியும்

பங்குனி, சித்திரை வெய்யிலுக்க வேலை செய்யிற ஆள், தோட்டக்காரரோ மேசனோ ஓட்டோக்காரரோ, வேர்வையாப் போறதுக்கு ஈடாத் தண்ணி குடிக்காட்டி சலம் கடும் மஞ்சளாச் செறிஞ்சு கொஞ்சமாத்தான் வரும், அது கொஞ்சம் கடுக்கத்தான் செய்யும். வடிவாத் தண்ணி குடிச்சா ஒரு நாளில மாறோணும். மாறேல்லையெண்டால் அது வெய்யில் இல்லை.

குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, குடிக்கிறது சுண்ணாம்புக் கல்லுக்க தேங்கின கிணத்துத் தண்ணி. கேத்திலுக்கு அடியில வெள்ளையாப் படியிறதைப் பாத்து இதே மாதிரித்தான் கிட்னியிலயும் படியுது எண்டு நினைக்கினம். அப்பிடி நேரடியா இல்லை. கல்லு வாறதில பெரிய பங்கு சலம் குறைவாப் போறதுக்குத்தான். சாப்பாட்டில உப்பு கூடுறது, பரம்பரை இதுகளும் சேரும். தண்ணி உவர்க்குது எண்டு குடிக்காமல் விடுறதுதான் கூடாத பழக்கம். கல்லு வந்த ஆக்களுக்கு நாளுக்கு 2 தொடக்கம் 2.5 லீற்றர் சலம் போற அளவுக்குக் குடிக்கச் சொல்லுவினம், குடிக்கிற அளவில்லை, போற அளவு. இருதய வருத்தம், கிட்னி வருத்தம் இருக்கிறவை மட்டும் டொக்டரைக் கேட்டுத்தான் கூட்டோணும்.

நெருஞ்சிக் கசாயம், வாழைத்தண்டு, செவ்விளநி எல்லாத்தையும் நான் குறை சொல்லேல்லை, அதுக்க தண்ணி இருக்கு, அந்தளவில நல்லம்தான். காய்ச்சலோட சலக்கடுப்பு வந்த பிறகும் அதை நம்பி மூண்டு நாள் வீட்டில படுத்திருக்கிறதுதான் பிழை.

சலத்தொற்று, புரோஸ்டேட்

கூடுதலா வாற கிருமி ஈகோலை, எங்கட குடலுக்க இருக்கிறதுதான். 50 வயது தாண்டினவைக்கு புரோஸ்டேட் பெருத்து சலப்பை முழுசா வெறுமையாகாமல் மிச்சச் சலம் தேங்கும், அதுக்க கிருமி பெருகும். புரோஸ்டேட்டிலயே தொற்று எண்டால் மருந்து 2 கிழமையில இருந்து 4 கிழமை வரைக்கும் போகும், ஏனெண்டால் அந்தச் சுரப்பிக்குள்ள எல்லா அன்ரிபயோட்டிக்கும் வடிவாப் போகாது. சலப்பைத் தொற்றுக்கு நல்லா வேலைசெய்யிற நைட்ரோஃபுரன்டொயின் கூட புரோஸ்டேட்டுக்குப் பிரயோசனமில்லை. இனி, அஞ்சு குளிசையில என்ன நடக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ.

சில பேருக்கு மாசக்கணக்கா அடியில நோவும் எரிவும் இருக்கும், எத்தினை தரம் பாத்தாலும் கிருமி வராது. அது இடுப்புத் தசையும் நரம்பும் சேர்ந்த நாட்பட்ட நோ. அதுக்கு ஒரு அன்ரிபயோட்டிக் மாத்தி இன்னொரு அன்ரிபயோட்டிக் எண்டு போட்டுக்கொண்டிருக்கிறதில ஒண்டும் கிடைக்காது, வேற வழியில பாக்கோணும்.

பாலுறவால வாறது

இதைப் பற்றிக் கதைக்க வெக்கப்பட்டு வெக்கப்பட்டே வருத்தம் பழுத்துப்போகுது, அதால நேரடியாச் சொல்லுறன்.

கொனோரியா எண்டால் உறவு வச்சு கூடுதலா 2 தொடக்கம் 7 நாளுக்குள்ள நல்ல எரிவு, தடிப்பான மஞ்சள் சீழ். கிளமிடியா 1 தொடக்கம் 3 கிழமை எடுக்கும், மெல்லிசா வடியும், இல்லாட்டி ஒண்டுமே தெரியாது, லேசான கடி மட்டும் இருக்கும். ரெண்டும் ஒண்டா வாறதும் உண்டு. விட்டால் விதைக்குப் பின்னால இருக்கிற குழாய் வீங்கி நோகும், பொம்பிளைக்குத் தொத்தினா கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளைப்பேறு தடைப்படலாம்.

கொனோரியாவுக்கு ஒரு காலத்தில சிப்ரோஃப்ளொக்சசின் குளிசை காணும், இப்ப கிருமி அதுக்குப் பழகிட்டுது, செஃப்ட்ரையக்சோன் ஊசிதான் போடினம். கிளமிடியாவுக்கு டொக்சிசைக்ளின் 7 நாள். ஆரோ மிச்சம் வச்ச சிப்ரோவை வாங்கிப் போட்டா சீழ் குறைஞ்சு, கிருமி உள்ள இருக்கும், தொத்துறதும் நிக்காது.

புண் எண்டால் வேற கதை. சின்னச் சின்னக் கொப்புளம் கூட்டமா வந்து உடைஞ்சு பயங்கரமா நோகுது, சலம் படேக்க உயிர் போகுது எண்டால் ஹேர்பீஸ். ஒரே ஒரு புண், அடி கெட்டியா, நோவே இல்லை எண்டால் சிபிலிஸ் சந்தேகம், இதுதான் பொல்லாதது, ஏனெண்டால் ஒரு மாசம் போல இருந்திட்டு மருந்தில்லாமலே ஆறிப்போகும், ஆளும் நிம்மதியா இருப்பார், கிருமி இரத்தத்தில ஓடித் திரியும். ஒரு இரத்தப் பரிசோதனை, பென்சிலின் ஊசி, அவ்வளவுதான் வைத்தியம். கர்ப்பிணித் தாய்மாருக்கு கிளினிக்கில சிபிலிசும் எச்ஐவியும் பாக்கிறதால இலங்கையில இந்த ரெண்டும் தாயிட்டயிருந்து பிள்ளைக்குப் போறது ஒழிஞ்சிட்டுது எண்டு 2019 இல உலக சுகாதார நிறுவனம் அங்கீகரிச்சது, ஆனா தாய் டெஸ்ட் செய்த பிறகு புருசன் வெளியில இருந்து கிருமியைக் கொண்டு வந்து குடுத்தால் அந்தக் காவல் காணாது.

தோல்: கனபேர் பிழை விடுற இடம்

கவட்டுக்குள்ள வாற படர்தாமரை வளையமாப் பரவும், விளிம்பு சிவந்து பொருக்கா உயர்ந்திருக்கும், நடு ஆறின மாதிரி இருக்கும். விதைப்பையை அது கூடுதலா விட்டிடும். விதைப்பையும் சேர்ந்து சிவந்து நனைஞ்சு, சுத்திவரச் சின்னப் பருவும் எண்டால் அது கன்டிடா எண்ட வேறொரு பூஞ்சணம். வேர்த்து நனைஞ்ச ஜீன்சோட நாள் முழுக்க நிக்கிற பெடியளுக்கும், ஒரே துவாயை வீட்டில நாலு பேர் பாவிக்கிற இடத்திலயும் இது போகவே போகாது.

இதுக்கு வாங்கிற ரியூபை ஒருக்கா கையில எடுத்துப் பக்கத்தில இருக்கிற சின்ன எழுத்தை வாசியுங்கோ. குளோட்ரிமசோல், மைக்கோனசோல், டெர்பினஃபின் எண்டு ஒரு பேர் மட்டும் இருந்தா அது பூஞ்சண மருந்து, சரி. அதோட பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசோல் எண்டு இன்னொரு பேர், பிறகு நியோமைசின் அல்லது ஜென்ராமைசின் எண்டு மூண்டாவது பேரும் இருந்தா திருப்பி வச்சிடுங்கோ. நடுவில இருக்கிறது ஸ்டீரொயிட், அது கடியையும் சிவப்பையும் ஒரு நாளில அமத்தும், அதாலதான் "நல்ல கிறீம்" எண்டு பேர் எடுக்குது, ஆனா தோலின்ர எதிர்ப்பையும் சேர்த்து அமத்துறதால பூஞ்சணம் சத்தமில்லாமல் துடை வரைக்கும் இடுப்பு வரைக்கும் போகும், வளைய வடிவமும் அழிஞ்சு போறதால பிறகு தோல் டொக்டருக்கே கண்டுபிடிக்கக் கஸ்டம். விதைப்பைத் தோல் முன்கைத் தோலைவிட 40 மடங்குக்கு மேல ஸ்டீரொயிட்டை உறிஞ்சும், அதால அந்தத் தோல் கெதியா மெலிஞ்சு, சிவந்து, எந்த நேரமும் எரியிற நிலைக்கு வந்திடும். பிறகு அந்த எரிவுக்கும் அதே கிறீமைப் பூசினம்! தெற்காசியா முழுக்க இப்ப சாதாரண மருந்துக்கு மசியாத படர்தாமரை பரவிக் கிடக்கிறதுக்கு இந்தக் கலவைக் கிறீம்களும் ஒரு காரணம் எண்டுதான் தோல் வைத்தியர்கள் சொல்லினம்.

பூஞ்சணக் கிறீமை விளிம்புக்கு வெளியாலயும் ஒரு ரெண்டு சென்ரிமீற்றர் சேர்த்துப் பூசோணும், தோல் வடிவா வந்த பிறகும் ஒரு கிழமையாவது விடக்கூடாது. கடி நிண்டவுடனை விடுறதுதான் எங்கட ஆக்களின்ர வழக்கம்.

மொட்டும் முன்தோலும் சிவந்து, வெள்ளையாப் படிஞ்சு, முன்தோல் ஓரம் வெடிச்சு இழுக்கேலாமல் இருக்குது எண்டால் கூடுதலாக் கன்டிடா. இன்னொரு பக்கம், சுத்தம் எண்டு நினைச்சு டெட்டோல் மாதிரி மருந்துத் தண்ணியாலயும் மணச் சவுக்காரத்தாலயும் ஒரு நாளைக்கு மூண்டு தரம் கழுவிற ஆக்களுக்கு கழுவுறதே வருத்தம். பச்சைத் தண்ணி காணும், முன்தோலைப் பின்னுக்கு இழுத்துக் கழுவி, ஈரத்தை ஒத்தி எடுத்து, திரும்ப முன்னுக்கு விட்டுவிடோணும்.

குளிசையே தோலைப் புண்ணாக்கிறதும் இருக்கு. கோட்ரைமொக்சசோல், டொக்சிசைக்ளின், சில நோக்குளிசையள் போட்ட சிலருக்கு சில மணித்தியாலத்திலயோ ரெண்டு நாளுக்குள்ளயோ மொட்டில வட்டமாச் சிவந்து, கொப்புளிச்சு, பிறகு கருந்தழும்பா நிக்கும். மாறிப்போகும். அடுத்த முறை அதே குளிசை போட்டா அச்சொட்டா அதே இடத்தில வரும். இதைப் பாலியல் நோய் எண்டு நினைச்சுப் பயந்து அதே அன்ரிபயோட்டிக்கைத் திரும்ப வாங்கிப் போடுறவையும் இருக்கினம்.

இரவில கடி கூட, விரல் இடுக்கிலயும் இருக்கு, ஆண்குறியில சின்னக் கட்டி கட்டியா, வீட்டில மற்ற ஆக்களும் சொறியினம் எண்டால் சொறிச் சிரங்கு, வீட்டில எல்லாரும் ஒரே நாளில மருந்து பூசினாத்தான் போகும். மொட்டின்ர விளிம்பைச் சுத்தி வரிசையா முத்து மாதிரி சின்னச் சின்னப் புள்ளி இருந்தா அது வருத்தமே இல்லை, இயல்பான தோல் அமைப்பு, பெடியள் இதுக்காக நித்திரை கொள்ளாமல் இருக்கத் தேவையில்லை. மாறாமல் கிழமைக்கணக்கா நிக்கிற புண், முன்தோலுக்குக் கீழ தட்டுப்படுற கட்டி, வெள்ளையா இறுகிப்போற தோல், இது மூண்டும் கட்டாயம் காட்டவேண்டியது. புற்றுநோயும் இப்பிடித் துடங்கலாம்.

சீனி வருத்தம் இதுக்குள்ள எங்க வருது

இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டேக்க கிட்னி மிச்சத்தைச் சலத்துக்குள்ள விடத் துடங்கும். முன்தோலுக்குக் கீழ தங்கிற சொட்டுச் சலத்தில சீனி இருந்தாப் பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. 40 வயது ஆள் ஒராளுக்கு முன்தோல் திரும்பத் திரும்ப வெடிக்குது எண்டால் கிறீமுக்கு முதல் சாப்பிடாமல் சீனி பாக்கோணும், 126 உம் அதுக்கு மேலயும் ரெண்டு முறை வந்தா சீனி வருத்தம். கன பேருக்குத் தங்கட சீனி வருத்தம் இப்பிடித்தான் முதல் முதல் பிடிபடுது.

எம்பகிளிஃப்ளோசின், டபகிளிஃப்ளோசின் எண்ட புதுச் சீனிக் குளிசையள் வேலைசெய்யிற விதமே சீனியைச் சலத்தால வெளியேத்திறதுதான், அதால சீனி கட்டுப்பாட்டில இருந்தாலும் கன்டிடா வரலாம். இருதயத்துக்கும் கிட்னிக்கும் நல்ல குளிசை அது, நீங்களா நிப்பாட்டாதேங்கோ, எழுதின டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

ரிப்போட் துண்டை எப்பிடிப் பாக்கிறது

யூஎஃப்ஆர் எண்டு எழுதித் தாறது சலத்தின்ர முழு ரிப்போட். இப்பிடி ஒண்டு வருது எண்டு வைப்பம்: பஸ் செல்ஸ் 15–20, ரெட் செல்ஸ் 1–2, எபிதீலியல் செல்ஸ் இரண்டு பிளஸ், சுகர் இரண்டு பிளஸ், அல்புமின் இல்லை.

1. பஸ் செல்ஸ் எண்டால் சீழ் அணுக்கள், 5 ஐத் தாண்டினா எங்கயோ அழற்சி. சலத்தொற்றெண்டு இதை வச்சு முடிவெடுக்கேலாது.

2. எபிதீலியல் செல்ஸ் கூட எண்டால் தோலில இருந்து கலந்திட்டுது, சலம் வடிவா எடுக்கேல்லை. அப்ப மேல இருக்கிற 15–20 உம் முன்தோலில இருந்து வந்ததா இருக்கலாம்.

3. சுகர் வந்திருக்கு. ஒண்டில் சீனி வருத்தம், ஒண்டில் மேல சொன்ன குளிசை.

இந்தத் துண்டு சொல்லுறது முன்தோலில கன்டிடா எண்டுதான் கூடச் சாத்தியம், ஆனா "பஸ் செல் இருக்கு" எண்ட ஒரு வரிக்கு அன்ரிபயோட்டிக் போனா வருத்தம் இன்னும் கூடும்.

கல்ச்சர், ஏபிஎஸ்டி எண்டு எழுதினா கிருமியை வளத்து எந்த மருந்துக்குக் கேக்கும் எண்டு பாக்கிறது, ரெண்டு மூண்டு நாள் எடுக்கும். அதுக்கு முன்தோலை இழுத்துக் கழுவிப்போட்டு, முதல் வாறதை விட்டு நடுவில வாற சலத்தைப் பிடிச்சு, ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள குடுக்கோணும். கிளமிடியா, கொனோரியா பாக்க நேர்மாறு, ஒரு மணித்தியாலமாவது சலம் போகாமல் இருந்து முதல் வாற சலத்தைத்தான் குடுக்கோணும். அன்ரிபயோட்டிக் ஒரு குளிசை போட்ட பிறகு குடுத்தாலும் கல்ச்சரில கிருமி வளராமல் போகலாம். பஸ் செல் நிறைய, கல்ச்சரில ஒண்டுமில்லை எண்டால் கிளமிடியா, கல்லு, சிலவேளை சலப்பாதைக் காசம் கூட யோசிப்பினம்.

உடன வெளிக்கிடவேண்டியது

விதை திடீரெண்டு பயங்கரமா நோகுது, சத்தியும் வருது எண்டால், முக்கியமா 12 தொடக்கம் 18 வயதுப் பெடியளுக்கு, விதை முறுகியிருக்கலாம், 6 மணித்தியாலம்தான் கையில இருக்கு, விடியட்டும் எண்டு பாக்கக்கூடாது. இழுத்த முன்தோல் திரும்ப வராமல் மொட்டு வீங்கினால், சலம் முழுசா அடைபட்டால், குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் எண்டால் அண்டைக்கே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லாட்டி 1990 எண்ட இலக்கத்துக்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், காசில்லை. நோவில்லாமல் சலத்தில இரத்தம் போறது அவசரம் இல்லை, ஆனா விடக்கூடாத விசயம், அதுவும் புகைக்கிற, 45 தாண்டின ஆள் எண்டால் சலப்பைப் புற்றுநோயும் பாக்கோணும்.

எங்க போறது

சாதாரண சலக்கடுப்பு, கல்லு, தோல் எண்டால் யாழ். போதனா வைத்தியசாலை ஓபிடி, இல்லாட்டி தெல்லிப்பளை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையள், அங்க இருந்து தேவையான கிளினிக்குக்கு எழுதி விடுவினம். வடியிது, புண், புது உறவு எண்டால் போதனா வைத்தியசாலையில இருக்கிற பாலியல் நோய் கிளினிக். அதுக்கு ஒருத்தற்ற கடிதமும் தேவையில்லை, காசும் இல்லை, அங்க கதைக்கிறது வெளியில போகாது. கனபேர் தெரிஞ்ச ஆக்கள் கண்டிடுவினம் எண்டு பயந்து கொழும்புக்குப் பஸ் ஏறினம், அது அவையவையின்ர விருப்பம், அங்கயும் இதே மருந்துதான்.

அங்க கேள்வி நேரடியாத்தான் இருக்கும்: கடைசியா எப்ப, ஆரோட, ஆணோ பெண்ணோ, உறை பாவிச்சதோ. ஒழிக்காமல் சொன்னாத்தான் எந்த இடத்தில இருந்து மாதிரி எடுக்கிறது எண்டு தெரியும். முதலே என்ன குளிசை போட்டனீங்கள் எண்டதையும் சொல்லுங்கோ, மட்டையைக் கொண்டு போனா இன்னும் நல்லம்.

மனிசிக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டதுதான் எல்லாரும் தடுமாறுற இடம். சொல்லாமல் தனிய மருந்தெடுத்தா அவவிட்டயிருந்து திரும்ப உங்களுக்கு வரும், அவவுக்கு அறிகுறியே இல்லாமல் உள்ள பழுதாகலாம். கிளினிக்கிலயே கேளுங்கோ, எப்பிடிக் கூட்டிக்கொண்டு வாறது, என்ன சொல்லுறது எண்டு கதைச்சுப் பழகின ஆக்கள் அங்க இருக்கினம். ரெண்டு பேரின்ர மருந்தும் முடிஞ்சு 7 நாள் ஆகும் மட்டும் உறவு வேண்டாம். சிபிலிசுக்கு ஊசி போட்டவை பிறகும் சொல்லுற தவணைக்கு, கூடுதலா 3, 6, 12 மாசத்தில, திரும்பப் போய் இரத்தம் குடுக்கோணும்.